முப்பது ஜுஸ்உப் பெட்டி: வாங்கும் முன் திறந்து பார்க்க வேண்டிய இடங்கள்

ரமழான் நெருங்கும்போதும், ஒரு வீட்டில் மௌத்து (மரணம்) நிகழ்ந்து கத்தம் ஓத, அதாவது குர்ஆனை முழுதாக ஓதி முடிக்க, ஆட்களைக் கூப்பிடும்போதும் யாழ்ப்பாணத்தில் முதலில் தேடப்படுவது ஜுஸ்உப் பெட்டிதான். குர்ஆனின் 30 ஜுஸ்உகளையும் (பாகங்களையும்) தனித்தனிப் புத்தகமாகக் கட்டி, கைப்பிடி வைத்த ரெக்சின் பெட்டிக்குள் அடுக்கித் தருவார்கள். ஆளுக்கொரு புத்தகம் எடுத்தால் முப்பது பேர் ஒரே அமர்வில் ஒரு கத்தத்தை முடித்துவிடலாம். சோனகத் தெருப் பக்கம் கிடைக்கிற பெட்டிகளில் பெரும்பாலானவை கொழும்பிலிருந்து வருகிறவை. உம்ரா போய் வருகிறவர்கள் கொண்டு வருகிறவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். உள்ளே அப்படியில்லை. அட்டையின் பளபளப்பையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கினால், முப்பது பேர் ஓதிய பிறகும் கத்தம் முழுமையாகாமல் போகலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, எந்த ஆயத்துகள் (வசனங்கள்) விடுபடும் என்று எண்ணோடு கீழே எழுதியிருக்கிறோம்.

கடைகளில் கிடைப்பவை அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று மதீனா வகை. எழுத்துக் கலைஞர் உஸ்மான் தாஹாவின் எழுத்து, பக்கத்துக்கு 15 வரி, முழு முஸ்ஹப் (குர்ஆன் பிரதி) 604 பக்கம், ஒவ்வொரு பக்கமும் ஆயத்து முடிகிற இடத்தில் முடியும். மற்றது தெற்காசிய வகை, இந்தியா, பாகிஸ்தான் பக்கத்து எழுத்தில் உள்ளது. எழுத்து தடிப்பு, இடைவெளி தாராளம்; பெரும்பாலும் 13 வரி. அட்டையில் இருக்கும் கம்பனிப் பெயர் இங்கே முக்கியமில்லை. அச்சான நாட்டைப் பார்த்தும் முடிவெடுக்க முடியாது. மதீனாவின் மன்னர் ஃபஹ்த் அச்சகமே தெற்காசிய எழுத்திலும் முஸ்ஹப் அச்சிட்டிருக்கிறது. மதீனாப் பிரிவைப் பின்பற்றும் இந்திய அச்சுகளும் இருக்கின்றன. ஆகவே பெட்டியைத் திறந்து உள்ளே பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பார்க்க வேண்டிய புத்தகங்கள் ஏழு: 4, 7, 11, 14, 20, 21, 23. மற்ற இருபத்து மூன்று ஜுஸ்உகளும் இரண்டு வகையிலும் ஒரே ஆயத்தில்தான் தொடங்குகின்றன. இந்த ஏழில் மட்டும் தொடக்கம் வேறுபடும்.

நான்காம் ஜுஸ்உ தெற்காசிய முறையில் ஆல இம்ரானின் 92ஆம் ஆயத்தில், “லன் தனாலுல் பிர்ர” என்று தொடங்கும், மதீனாவில் 93இல். ஏழாவது தெற்காசிய முறையில் அல் மாயிதா 83, “வஇதா ஸமிஊ”, மதீனாவில் 82. பதினொன்றாவது அங்கே (தெற்காசிய முறையில்) அத் தவ்பா 94, “யஃததிரூன”, இங்கே (மதீனாவில்) 93. பதினான்காவது அங்கே அல் ஹிஜ்ர் 2, “ருபமா”. இங்கே அந்த ஸூராவின் (அத்தியாயத்தின்) முதல் ஆயத்து. இருபதாவது அங்கே அந் நம்ல் 60, “அம்மன் ஹலக”, இங்கே 56. இருபத்தொன்றாவது அங்கே அல் அன்கபூத் 45, “உத்லு மா ஊஹிய”, இங்கே 46. இருபத்து மூன்றாவது அங்கே யாஸீன் 22, “வமா லிய”, இங்கே 28.

ஒரே பெட்டியை வைத்து முப்பது பேரும் ஓதினால் இதனால் ஒரு குறையும் இல்லை. இரண்டு வகையும் தன்னளவில் முழுமையானவை. வகைகள் கலக்கும்போதுதான் சிக்கல். பத்தொன்பதாம் ஜுஸ்உ எடுத்தவர் மதீனாப் புத்தகத்தில் ஓதினால் அந் நம்ல் 55இல் முடிப்பார். இருபதாம் ஜுஸ்உ எடுத்தவரிடம் தெற்காசியப் புத்தகம் இருந்தால் அவர் 60இல் தொடங்குவார். 56 முதல் 59 வரை நான்கு ஆயத்துகளை ஒருவரும் ஓதவில்லை. இதே வரிசையில் கலந்தால் அல் மாயிதா 82, அத் தவ்பா 93, அல் ஹிஜ்ர் 1 ஆகியவையும் விடுபடும். முந்தினவர் தெற்காசியப் புத்தகத்திலும் அடுத்தவர் மதீனாவிலும் ஓதினால் விடுபடுகிற இடங்கள் வேறு: ஆல இம்ரான் 92, அல் அன்கபூத் 45, யாஸீன் 22 முதல் 27 வரை. வேதத்திலிருந்து அருளப்பட்டதை ஓதுவீராக என்று கட்டளையிடுகிற ஆயத்து அந்த அன்கபூத் 45தான். ஓதலுக்கென்றே கூடிய மஜ்லிஸில் அது ஓதப்படாமல் போவதைப் போல மனத்தை உறுத்துவது வேறில்லை.

இது யாழ்ப்பாணத்துக்கு மற்ற ஊர்களை விடக் கூடுதலாகப் பொருந்தும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு இங்குள்ள குடும்பங்கள் யாழ்ப்பாணம், புத்தளம், கொழும்பு, வெளிநாடு என்று பிரிந்து கிடக்கின்றன. ஒரு வீட்டுக் கத்தம் என்றால் பத்துப் பேர் இங்கே உட்கார்ந்து ஓதுவார்கள், மற்ற இருபது ஜுஸ்உகளும் வட்ஸ்அப் குழுவில் பங்கு போடப்படும். புத்தளத்திலிருப்பவர் வீட்டுப் பழைய முஸ்ஹபைத் திறப்பார், லண்டனிலிருப்பவர் ஃபோனில் ஓதுவார். ஃபோன் செயலிகளில் பெரும்பாலானவை மதீனாப் பிரிவைப் பின்பற்றுகிறவை. “உங்களுக்கு 20” என்று எண்ணை மட்டும் அனுப்பினால் மேலே சொன்ன ஏழு இடமும் அதிர்ஷ்டத்தின் கையில். அந்த ஏழு ஜுஸ்உகளுக்கும் அவற்றுக்கு முந்தின ஏழுக்கும் தொடக்க ஆயத்தையும் முடிவு ஆயத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்: “19: அல் புர்கான் 21 முதல் அந் நம்ல் 55 வரை”, “20: அந் நம்ல் 56 முதல் அல் அன்கபூத் 45 வரை” என்று. ஒரு தரம் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த கத்தங்களுக்கும் அதையே அனுப்பலாம்.

மதீனா வகை வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டு புத்தகங்களை விரித்துப் பார்க்க வேண்டும். 604 பக்க முஸ்ஹபில் ஜுஸ்உகள் தொடங்கும் பக்கம் ஒழுங்கான கணக்கில் போகும்: 2ஆம் ஜுஸ்உ 22ஆம் பக்கம், 3ஆவது 42, 16ஆவது 302, 30ஆவது 582. எந்த ஜுஸ்உவின் எண்ணிலும் ஒன்றைக் கழித்து, இருபதால் பெருக்கி, இரண்டைக் கூட்டினால் பக்கம் வந்துவிடும். இந்தக் கணக்குக்குள் வராதவை முதல் ஜுஸ்உவும், 7, 11 என்ற இரண்டும். ஏழாவது 122இல் தொடங்காமல் 121ஆம் பக்கத்தின் கடைசி ஆயத்தில் தொடங்கும். பதினொன்றாவது 201ஆம் பக்கத்தின் கடைசி ஆயத்தில். தனிப் புத்தகமாகப் பிரிக்கும்போது அந்த ஓர் ஆயத்தை எங்கே வைப்பது என்பதை ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வொரு மாதிரித் தீர்க்கிறது. கவனமான பதிப்பில் 121ஆம் பக்கம் முழுவதும் ஏழாம் புத்தகத்தின் முகப்பில் மறுபடி வரும், அல்லது அந்த ஆயத்து மட்டும் தனியே வரும். அவசரமாகப் பிரித்த பதிப்பில் ஏழாம் புத்தகம் நேரே 122இல் தொடங்கிவிடும். அப்படியானால் அல் மாயிதா 82 ஆறாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கத்தத்துக்குக் குறையில்லை, இல்லாவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். பத்தாம், பதினொன்றாம் புத்தகங்களில் அத் தவ்பா 93க்கும் இதே சோதனைதான்.

இனிக் கட்டு. ஜுஸ்உப் புத்தகம் மெல்லியது. மதீனா வகையில் பெரும்பாலான ஜுஸ்உ 20 பக்கம், முதலாவது 21, கடைசி 23. மடித்த தாளின் நடுவில் குத்திக் கட்டுகிற புத்தகத்தில் ஒரு தாள் என்பது நான்கு பக்கம். கட்டும்போது ஒரு தாள் தவறினால் முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து போகும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்தால் இது தெரியாது. பக்க எண்ணை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். முப்பது புத்தகத்துக்கும் பார்க்க கால் மணி நேரம் போதும். கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். சில தெற்காசியப் பெட்டிகளில் ஒவ்வொரு புத்தகமும் ஒன்றாம் பக்கத்திலிருந்து தனியே எண் போட்டிருக்கும். அப்போது எண் சரியாக இருந்தும் உள்ளே வேறு ஜுஸ்உவின் தாள் மாறிக் கட்டப்பட்டிருக்கலாம். பக்கத்தின் மேலே எழுதியிருக்கும் ஸூராப் பெயரையும் கூடவே பார்த்தால் பிடிபட்டுவிடும்.

கட்டு நூலா, கம்பியா என்று நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். இந்த ஊரின் உப்புக் காற்றுக்குக் கம்பி சரிவராது. ஒரு மாரி கழிந்ததும் கம்பியைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழும், அடுத்ததில் தாள் அந்த இடத்தில் அரித்து நடுத்தாள் கழன்று கையோடு வரும். நடுத்தாள் கழன்ற புத்தகத்தை மஜ்லிஸில் எடுத்தவர் நான்கு பக்கத்தைத் தவறவிட்டதே தெரியாமல் ஓதி முடிப்பார், ஏனென்றால் ஓட்டத்தில் ஓதுகிறவர் பக்க எண்ணைப் பார்ப்பதில்லை. நூல் தைத்த பெட்டி சற்று விலை கூட. பள்ளிவாசலுக்கு வக்ஃபு (அறக்கொடை) செய்ய வாங்குகிறவர்கள் அந்த வித்தியாசத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வீட்டுக்கு வாங்கி வருடத்துக்கு நாலைந்து தரம் எடுப்பவர்களுக்குக் கம்பி போதும். ஆனால் துருவேறுகிறதா என்று வருடத்துக்கு ஒரு தரமாவது பாருங்கள். துரு தொடங்கினால் கம்பியை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலை விட்டு நடுவில் முடிச்சுப் போட்டால் புத்தகம் தப்பிவிடும்.

தாளில் வழுவழுப்பான வெள்ளைத் தாளை விட மங்கலான பால் நிறத் தாள் நல்லது. பள்ளிவாசல் எல்ஈடி வெளிச்சம் வழுவழுப்பில் பட்டுத் தெறித்தால் ஃபத்ஹா, ழம்மா என்ற உயிர்க்குறிகள் கண்ணுக்குத் தெரியாது, முக்கியமாக வயதானவர்களுக்கு.

எடையைச் சிறிய கணக்கில் சொல்லலாம். ஏ5 அளவில் 24 பக்கம் கொண்ட புத்தகம் 70 கிராம் தாளும் தடித்த அட்டையுமாக 40 கிராம் சொச்சம் வரும்; முப்பதும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ. ஏ4 அளவென்றால் இரண்டரைக் கிலோ, பெட்டி தனி. ஏ4 பெட்டியின் கைப்பிடி இரண்டு சிறிய ஆணியில் மட்டும் நின்றால் விரைவில் பிய்ந்துவிடும். கைப்பிடியின் பட்டி பெட்டியின் அடிவரை சுற்றிப் போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏ5 பெட்டிக்கு இந்தக் கவலை இல்லை.

எண் எங்கே அச்சாகியிருக்கிறது என்பதும் சிறிய விஷயமல்ல. இவ்வளவு மெல்லிய புத்தகத்தின் முதுகில் எண் அச்சிட இடமில்லை. அட்டையின் மேல் மூலையில் பெரிதாக எண் இருந்தால்தான் பெட்டிக்குள் நின்ற நிலையிலேயே 17ஐ எடுக்க முடியும். சில தெற்காசியப் பெட்டிகளில் எண்ணுக்குப் பதிலாக ஜுஸ்உவின் தொடக்கச் சொல்லைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள்: “ஸயகூல்”, “தில்கர் ருஸுல்”, “கால அலம்” என்று. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு அது பழக்கம், மற்றவர்கள் தடுமாறுவார்கள். மேல் மூலையில் ஒரு சிறிய எண் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓதி முடித்த புத்தகத்தைத் தலைகீழாகப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை விட, ஓதியவர் பெயருக்கு எதிரே தாளில் ஒரு கோடு போடுவது நல்லது. புத்தகத்துக்குரிய மரியாதையும் காக்கப்படும், எது மிச்சம் என்பதும் தெரியும்.

ஓரக் குறிகளுக்கு வருவோம். பகுதி பகுதியாக ஓதுகிறவர்கள் அதிகம் குழம்புகிற இடம் இது. தெற்காசியப் புத்தகத்தில் ஓரத்தில் “அர்ருபுஉ”, “அந்நிஸ்பு”, “அத்தலாதா” என்று மூன்று குறி வரும். ஜுஸ்உவின் கால், அரை, முக்கால். மதீனாவில் ஒவ்வொரு ஜுஸ்உவும் இரண்டு ஹிஸ்பு, ஒவ்வொரு ஹிஸ்பும் நான்கு கால். ஆகக் குர்ஆன் முழுவதும் 60 ஹிஸ்பு, 240 கால். ஆகவே “ஒரு ருபுஉ ஓதுங்கள்” என்றால் தெற்காசியப் புத்தகம் வைத்திருப்பவர் கால் ஜுஸ்உ ஓதுவார், மதீனா வைத்திருப்பவர் அரைக்கால் ஜுஸ்உ ஓதுவார். மஃரிபுக்குப் பிறகு ஹிஸ்பு ஓதும் மஜ்லிஸ்களில் இது அடிக்கடி நடக்கிறது. அளவை ஆயத்து எண்ணால் சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

தெற்காசிய வகையின் பெரிய பலம் ருகூஉக் குறி, அதாவது ஸூராவைச் சிறு பத்திகளாகப் பிரிக்கும் குறி. ஓரத்தில் “ஐன்” எழுத்தும் மூன்று எண்களும் இருக்கும். மேலே இருப்பது அந்த ஸூராவில் அது எத்தனையாவது ருகூஉ, நடுவில் இருப்பது அந்த ருகூஉவில் எத்தனை ஆயத்து, கீழே இருப்பது அந்த ஜுஸ்உவில் எத்தனையாவது. இப்போது அச்சாகிறவற்றில் மொத்தம் 558. ருகூஉ பொருளைப் பார்த்துப் பிரித்தது. ஒரு பேச்சு முடிகிற இடத்தில் முடியும். ஜுஸ்உவும் ஹிஸ்பும் அளவைப் பார்த்துப் பிரித்தவை. பேச்சின் நடுவிலும் வெட்டும். ஐந்தாம் ஜுஸ்உ தொடங்கும் “வல் முஹ்ஸனாத்து” அந் நிஸா 24. மணமுடிக்கத் தடையான பெண்கள் யார் யார் என்று 23இல் தொடங்கிய பட்டியலின் தொடர்ச்சி அது. பதினாறாவது ஜுஸ்உ மூஸா நபியும் ஹிழ்ரும் பேசிக்கொண்டிருக்கிற நடுவில் தொடங்குகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டவழியின்) இமாம் நவவி “அத்திப்யான்” நூலில் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: ஸூராவின் நடுவில் தொடங்குகிறவரும் நிறுத்துகிறவரும் ஒன்றோடொன்று இணைந்த பேச்சின் தொடக்கத்தையும் முடிவையும் பார்க்க வேண்டும், ஜுஸ்உ ஹிஸ்புக் குறிகளுக்குக் கட்டுப்படக் கூடாது. அதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் இந்த “வல் முஹ்ஸனாத்து”வும், மதீனாவின் இருபதாம் ஜுஸ்உத் தொடக்கமான “ஃபமா கான ஜவாப கவ்மிஹீ”யும் உண்டு. அந்த இடத்தில் லூத் நபியின் வரலாறு பாதியில் துண்டாகிறது. தெற்காசியப் பிரிவு அந்த வரலாறு முடிந்த பிறகு 60இல்தான் தொடங்குகிறது. இந்த ஓரிடத்தில் அதுவே மேல். தனியாக, விளங்கி, நாளுக்குக் கொஞ்சமாக ஓதுகிறவர்கள் ஜுஸ்உ எல்லையை விட்டுவிட்டு ருகூஉ எல்லையில் நிறுத்துவதே சரி என்று நாங்களும் நினைக்கிறோம்.

நாள் கணக்கில் ஓதுகிறவர்களுக்கு மதீனா வகை வசதி. நாளுக்கு ஒரு ஜுஸ்உ என்றால் ஐந்து நேரத் தொழுகைக்கும் பின் நான்கு நான்கு பக்கம். சரளமாக ஓதுகிறவருக்கு ஒரு ஜுஸ்உ அரை மணி முதல் முக்கால் மணி வரை எடுக்கும். ரமழான் 29 நாளில் முடிந்தாலும் கத்தம் முடிய வேண்டுமென்றால் முதல் பத்து நாளில் நேரத்துக்கு ஐந்து பக்கமாக ஓதி இரண்டு நாளை முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஈடுகட்டலாம் என்று விட்டால் கடைசிப் பத்தின் வேலைகள் அதற்கு இடம் கொடுக்காது. ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்: 20 ரக்அத்துக்கு ரக்அத்துக்கு ஒரு பக்கம், இரவுக்கு ஒரு ஜுஸ்உ. ருகூஉக் கணக்கின் பின்னணியும் தராவீஹ்தான். 540 ருகூஉவாக எண்ணி, இரவுக்கு 20 வீதம் ஓதி, 27ஆம் இரவில் முடிப்பது புகாரா உலமாக்களின் வழக்கமாகச் சொல்லப்படுகிறது.

வாரத்துக்கு ஒரு கத்தம் ஓதுகிறவர்கள் ஜுஸ்உப் பெட்டி வாங்க வேண்டாம். குர்ஆனை ஏழு நாளுக்குப் பிரித்த ஏழு மன்ஸிலின் தொடக்கமும் ஸூராவின் தொடக்கம்: ஃபாத்திஹா, மாயிதா, யூனுஸ், பனூ இஸ்ராயீல், ஷுஅரா, வஸ்ஸாஃப்பாத், காஃப். முதலெழுத்துகளைச் சேர்த்து “ஃபமீ பிஷவ்க்” என்று மனனம் செய்வார்கள். நபித்தோழர்கள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று ஸூராக்கள், பிறகு முஃபஸ்ஸல் (கடைசியிலுள்ள சிறிய ஸூராக்கள்) என்று பங்கிட்டு ஓதியதாக அவ்ஸ் இப்னு ஹுதைஃபாவின் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. மன்ஸில்கள் சம அளவானவை அல்ல. மதீனாப் பக்கத்தில் முதலாவது 105 பக்கம், ஆறாவது 72. அதனால் வேலை குறைந்த நாளில் தொடங்குவது புத்தி. ஆனால் அல் மாயிதா ஆறாம் ஜுஸ்உவின் நடுவில் தொடங்குகிறது. ஷுஅரா, வஸ்ஸாஃப்பாத், காஃப் ஆகியவையும் அப்படித்தான். ஜுஸ்உப் பெட்டியை வைத்துக்கொண்டு மன்ஸில் ஓதினால் ஒரே புத்தகத்தை இரண்டு நாள் எடுத்து வைக்க வேண்டி வரும். முழு முஸ்ஹபே அவர்களுக்கு ஏற்றது.

இதே காரணத்தால் வெள்ளிக்கிழமை கஹ்ஃபு ஓதவும் பெட்டி சரிவராது. முதல் 74 ஆயத்து பதினைந்தாம் புத்தகத்தில், மிச்சம் பதினாறாவதில். யாஸீனும் 22க்கும் 23க்கும் இடையில் உடைகிறது. இரண்டுக்கும் தனிப் புத்தகம் வாங்கிப் பெட்டியின் மூடிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முல்க், வாகிஆ, ரஹ்மான் எல்லாம் ஒரே புத்தகத்துக்குள் அடங்கும்.

ஹிஃப்ழு (குர்ஆன் மனனம்) பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது தனி. மனனம் பக்கத்தின் இடத்தோடு சேர்ந்து பதிகிறது: இந்த ஆயத்து வலப் பக்கத்தின் மேலே, அந்த ஆயத்து இடப் பக்கத்தின் அடியில் என்று. மதீனா முஸ்ஹபில் இரட்டை எண் பக்கங்கள் எப்போதும் இடப்புறம் வரும். பிரித்த புத்தகத்தில் முன்னால் ஓர் அலங்காரப் பக்கம் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒரு பக்கம் தள்ளி, 22 வலப்புறம் போய்விடும். பிள்ளை முழு முஸ்ஹபில் பாடமாக்கிவிட்டுப் பெட்டிப் புத்தகத்தில் மீட்டினால் தடுமாறும். இரண்டாம் புத்தகத்தைத் திறந்து 22 இடப்புறம் இருக்கிறதா என்று பாருங்கள். மத்ரஸாவில் எந்த எழுத்தில் ஓதிக்கொடுக்கிறார்கள் என்று உஸ்தாதிடம் கேட்காமல் பெட்டி வாங்கவே வேண்டாம். ஸுகூன் வடிவம், நிறுத்தக் குறிகள், நெடில் காட்டும் முறை எல்லாம் இரண்டு எழுத்திலும் வேறு.

ஓதும்போது ஸஜ்தா (சிரம் பணிதல்) செய்ய வேண்டிய இடங்கள் ஓரத்தில் தெளிவாக இருக்கின்றனவா என்று 17, 23 ஆகிய இரண்டு புத்தகங்களில் பாருங்கள். மதீனாவில் 15 இடத்திலும் குறி உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப். அதன்படி ஓதலுக்கான ஸஜ்தா 14. அல் ஹஜ்ஜில் 18, 77 இரண்டுக்கும் ஸஜ்தா உண்டு, ஸாத் 24 நன்றி ஸஜ்தாவாகவே கொள்ளப்படும். தெற்காசிய அச்சுகள் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவை. ஹஜ் 77இல் “ஷாஃபிஈயிடத்தில்” என்று சிறிய எழுத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள், வேகமாக ஓதுகிறவர் கண்ணில் அது படாது. பதினேழாம் புத்தகத்தில் அந்த இடத்துக்கு நேரே பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு வைப்பது உதவும். அதோடு பதினொன்றாம் புத்தகத்தின் தலைப்பையும் பாருங்கள். எல்லாப் புத்தகத்தின் தலையிலும் அலங்காரத்துக்காக பிஸ்மில்லாஹ் அச்சிட்டிருந்தால், தொடக்கத்தில் பிஸ்மில்லாஹ் இல்லாத அத் தவ்பாவின் நடுவில் தொடங்கும் இந்த ஜுஸ்உவிலும் அது இருக்கும். அதைக் குர்ஆன் வரியாக எண்ணிவிடக் கூடாது; இந்த இடத்தில் அஊது (பாதுகாப்புத் தேடும் சொல்) மட்டும் சொல்லித் தொடங்குவது பேணுதலானது.

பங்கு போடும்போது ஒரு விஷயம். ஜுஸ்உகள் அளவில் ஏறக்குறைய சமம், ஆயத்து எண்ணிக்கையில் சமமில்லை. இரண்டாவதில் 111 ஆயத்து, முப்பதாவதில் 564. திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரண்டாவதைக் கொடுத்தால் நீண்ட ஆயத்துகளில் மூச்சு முட்டி நின்றுவிடுவார். அவருக்கும் பிள்ளைகளுக்கும் 30ஐக் கொடுங்கள், பாதி மனப்பாடமாக இருக்கும். ஆட்கள் குறைந்தால் 15 பேருக்கு இரண்டு, 10 பேருக்கு மூன்று என்று அடுத்தடுத்த புத்தகங்களாகவே கொடுங்கள். முதலாம் புத்தகத்தை ஓதி முடித்ததும் பெட்டிக்குள் போட்டுவிடாமல் மௌலவியின் ரேஹாலில் (குர்ஆன் தாங்கியில்) வைக்க வேண்டும். கத்தம் முடிந்ததும் ஃபாத்திஹாவையும் பகராவின் முதல் ஐந்து ஆயத்துகளையும் ஓதி மறுபடி தொடங்கிவிட்டுத்தான் துஆ.

எதை வாங்குவது? பள்ளிவாசல் மஜ்லிஸுக்கும் வயதானவர்கள் கூடும் வீட்டுக் கத்தத்துக்கும் தெற்காசிய 13 வரி, நூல் தைத்தது, ஏ4. ரமழான் ஓதலுக்கும் ஹிஃப்ழு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் மதீனா 15 வரி, ஏ5. வெளியூர் ஆட்களோடு பங்கு போட்டு ஓதுகிற குடும்பத்துக்கும் மதீனாவே, ஃபோனோடு ஒத்துப்போகும். வண்ணத் தஜ்வீத் பதிப்பு தனியாகப் பழகுகிறவருக்கு நல்லது, மஜ்லிஸுக்கு அவசியமில்லை. ஒரு பள்ளிவாசலில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டுக்கும் வேறு நிற நாடா ஒட்டி, வேறு இறாக்கையில் வையுங்கள். ஒரு பெட்டியில் காணாமல் போன புத்தகத்துக்கு மற்றப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.

கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் ரெக்சின் பெட்டி தடையல்ல. சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி, மாரியில் மாதத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள். 1ஆம், 30ஆம் புத்தகங்கள்தான் முதலில் கிழியும். அவற்றைத் தனியாகக் கொடுக்கிற கடையா என்று பெட்டி வாங்கும்போதே கேளுங்கள். கொடுக்கிற கடையென்றால் அவை இரண்டிலும் ஒவ்வொன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.